எக்சோஸ் குழாய்க்கு வெப்பப்பட்டை சுற்றுவது எப்படி: செம்பனைத் தோட்டத்தில் மோட்டார் ஓட்டுபவர்களுக்கு

மலேசியாவில், பேராக் மாநிலத்து ஊத்தான் மெலிந்தாங் பக்கத்தில் எங்களுக்கு நான்கு ஏக்கர் செம்பனை இருக்கிறது. வெட்டிய குலைகளை மரங்களுக்கு இடையிலிருந்து மண்சாலை ஓரம் கொண்டுவர, பின்னால் தொட்டி வைத்த பழைய மூன்று சக்கர மோட்டார் ஒன்றை வாங்கினோம். அதன் எக்சோஸ் குழாய், அதாவது புகை வெளியேறும் குழாய், ஓட்டுபவரின் வலது காலுக்கு ஒரு சாண் தூரத்தில் செல்கிறது. காலை பதினொரு மணிக்கு மேல் அந்தச் சூட்டைத் தாங்க முடியாமல், அப்பா கோணிச் சாக்கை நான்காக மடித்து முழங்காலுக்குக் கீழே கயிற்றால் கட்டிக்கொண்டு ஓட்டினார்.

அதைப் பார்க்கப் பொறுக்காமல் நான் வண்டியை ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். குழாயைக் கழற்றாமல், துருவைத் தேய்க்காமல், இருபதே நிமிடத்தில் வெப்பப்பட்டையை (சூடு தாங்கும் இழையில் நெய்த துணிப்பட்டை) சுற்றிக் கொடுத்து 80 வெள்ளி வாங்கிக்கொண்டார்கள். எட்டு மாதம் கழித்துப் பட்டையை அறுத்துப் பார்த்தபோது, குழாயின் அடிப்பக்கம் நனைந்த பிஸ்கட்டைப் போல விரலோடு உதிர்ந்து வந்தது. புதுக் குழாய்க்கு 260 வெள்ளி ஆயிற்று. இரண்டாம் முறை நானே சுற்றினேன்; அது இரண்டு மழைக்காலத்தைத் தாண்டி இன்னும் நிற்கிறது. முதன்முறையாக இந்த வேலையில் இறங்குபவர்களுக்காக அந்த முறையைக் கீழே எழுதுகிறேன்.

1. சுற்றத்தான் வேண்டுமா என்று முதலில் பாருங்கள்

எக்சோஸ் சூடு இரண்டு விதமாகத் தொல்லை தரும். குழாயிலிருந்து வீசும் அனல் காலில் படுவது ஒன்று; வண்டியை நிறுத்தி இறங்கும்போது கெண்டைக்கால் குழாயில் பட்டுக் கொப்புளம் போடுவது மற்றொன்று. பட்டை முதல் தொல்லையை நன்றாகக் குறைக்கும். இரண்டாவதற்கு அதை நம்ப வேண்டாம், ஏனென்றால் பட்டையின் மேற்பரப்பும் தோலைச் சுடும் அளவுக்குச் சூடாகத்தான் இருக்கும். கப்சாய் (சிறிய மோட்டார் சைக்கிள்) வகை வண்டிகளில் பெரும்பாலும் சூடு போடுவது சைலன்சர் பக்கம்தான். அதற்கு விலை குறைந்த தகட்டுக் கவசம் ஒன்றைப் பொருத்தினாலே போதும். சைலன்சருக்குப் பட்டை சுற்றுவது வீண் வேலை.

கீழ்க்கண்ட வண்டிகளில் சுற்றாமல் இருப்பதே நல்லது. உத்தரவாதக் காலம் முடியாத புது வண்டியில் சுற்றாதீர்கள். குழாய்க்குள்ளேயே புகை சுத்திகரிப்பான் இருக்கும் வண்டியில் அந்தப் பகுதியைச் சுற்றாதீர்கள். அது தானே கடுமையாகச் சூடாகும் உறுப்பு, வெப்பம் வெளியேற வழியில்லாவிட்டால் கெட்டுவிடும். ஆர்எக்ஸ்இசட், 125இசட் போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் வயிறு பெருத்த அந்தக் குழாயின் அளவே இஞ்சினின் இழுவையைத் தீர்மானிக்கிறது. உள்ளே ஓடும் புகையின் சூடு மாறினால் இழுவையும் மாறும் என்பதால், அதையும் விட்டுவிடுங்கள். குரோம் பூசிய குழாயைச் சுற்றினால் பளபளப்பு போய்விடும். பிறகு பட்டையைக் கழற்றினாலும் பழைய நிறம் திரும்பாது.

ஏற்கெனவே துரு அரித்த குழாயைச் சுத்தியலின் பிடியால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். நல்ல குழாய் கணீரென்று ஒலிக்கும்; அரித்த இடம் மந்தமாக ஒலிக்கும். மந்தமாக ஒலித்தால் பட்டைக்குச் செலவிடும் பணத்தைப் புதுக் குழாய்க்கு ஒதுக்குங்கள்.

2. காகித வேலையை முன்கூட்டியே முடியுங்கள்

உத்தரவாதப் புத்தகத்தில் எக்சோஸ் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். பட்டை சுற்றிய குழாய் வெடித்தாலோ துளை விழுந்தாலோ மாற்றித் தர மாட்டோம் என்று சொல்லும் தயாரிப்பாளர்கள் பலர் உண்டு. தனியாக வாங்கிய எக்சோஸுக்கும் இது பொருந்தும்.

பொதுச் சாலையில் ஏறும் வண்டியானால் கெரான் (வண்டியின் உரிமைப் பத்திரம்), சாலை வரி, காப்புறுதி மூன்றும் ஒழுங்காக இருக்க வேண்டும். இரு சக்கர மோட்டாரில் பக்கத் தொட்டியோ கூடுதல் சக்கரமோ பொருத்தியிருந்தால், அந்த மாற்றத்திற்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி தேவை. அது இல்லாத வண்டிக்குப் பட்டை சுற்றுவது, கூரை ஒழுகும் வீட்டுக்கு வர்ணம் பூசுவதைப் போன்றது. பட்டை வண்டியின் சத்தத்தைக் கூட்டாது. ஆனாலும் பழுப்புத் துணி சுற்றிய குழாயைச் சாலைத் தடுப்பில் பார்க்கும் அதிகாரிக்கு, மாற்றிய எக்சோஸ் என்ற சந்தேகம் எழுவது இயல்பு. வாகனச் சத்தத்திற்கு 1987ஆம் ஆண்டு முதல் தனி விதிமுறைகள் இருக்கின்றன. சத்தம் போடும் எக்சோஸுக்குச் சமன் (அபராத நோட்டீஸ்) கிடைக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. ஆகவே சுற்றுவதற்கு முன் குழாயை நான்கு பக்கமும் படமெடுத்துக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். பட்டை வாங்கிய ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். குழாய் அசல்தான் என்று காட்ட அந்தப் படங்கள் உதவும். சைலன்சரில் அச்சிட்டிருக்கும் எண்ணோ முத்திரையோ மறையக் கூடாது.

3. எந்தப் பட்டையை, எவ்வளவு வாங்குவது

கடையில் ‘எக்சோஸ் ரேப்’ என்று கேட்டால் தருவார்கள். கண்ணாடி இழையில் நெய்தது ஒரு வகை. எரிமலைப் பாறையை உருக்கி எடுத்த இழையில் நெய்தது இன்னொரு வகை. இரண்டாவதை ‘டைட்டானியம்’ என்ற பெயரில் விற்பார்கள். பெயர்தான் டைட்டானியம், அது உலோகத்தில் நெய்த துணியன்று. கண்ணாடி இழை ஏறத்தாழ 550 முதல் 650 டிகிரி செல்சியஸ் வரையான தொடர் வெப்பத்தைத் தாங்கும். பாறை இழையின் தரமான வகைகள் 900 டிகிரிக்கு மேலும் தாங்கும் என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். சிறிய இஞ்சினுக்கு முதல் வகையே போதும் என்று வாதிடலாம். ஆயினும் இஞ்சின் வாயை (குழாய் இஞ்சினோடு சேரும் இடம்) ஒட்டிய பகுதியில் கண்ணாடி இழை சீக்கிரம் நொறுங்கிப் பொடியாவதைக் கண்ட பிறகு, நான் பாறை இழையைத்தான் வாங்குகிறேன்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பழுப்புச் சாயம் தோய்த்த சாதாரணக் கண்ணாடி இழையையும் டைட்டானியம் என்று இணையத்தில் விற்கிறார்கள். பட்டறையில் சுற்றித் தந்த என் முதல் பட்டை அப்படிப்பட்டது. ஓட்டிய முதல் வாரத்திலேயே இஞ்சின் பக்கம் வெளுத்துவிட்டது. பாக்கெட்டில் வெப்ப அளவு தெளிவாக அச்சிடப்படாத பட்டையை வாங்காதீர்கள்.

அகலத்தைக் குழாயின் பருமன்தான் தீர்மானிக்கும். கப்சாயின் மெல்லிய குழாய்க்கும், குறுகிய வளைவுகளுக்கும் 2.5 செ.மீ. அகலம், 35 மி.மீ.க்கு மேற்பட்ட குழாய்க்கு 5 செ.மீ. அகலம். நீளத்தை இப்படிக் கணக்கிடுங்கள். என் குழாயின் வெளிவிட்டம் 38 மி.மீ.; ஆகவே ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 12 செ.மீ. பட்டை பிடிக்கும். 5 செ.மீ. பட்டையில் 1.2 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறினால், ஒவ்வொரு சுற்றுக்கும் 3.8 செ.மீ. முன்னேறுவோம். சுற்ற வேண்டிய 60 செ.மீ. நீளத்துக்கு 16 சுற்று. அதாவது 2 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. வளைவுகளுக்கும் முனை மடிப்புக்கும் சேர்த்து 2.5 மீட்டர் வைத்துக்கொண்டால் போதும். 5 மீட்டர்ச் சுருளே மிஞ்சும். 10 மீட்டர் வாங்கச் சொல்லும் விற்பனையாளரின் பேச்சைக் கேட்க வேண்டாம்.

பட்டையைக் கட்டுவதற்குத் துருப்பிடிக்காத எஃகில் செய்த பூட்டுக் கட்டுகள் வேண்டும். இவற்றை ‘ஸ்டீல் டை’ என்பார்கள். குறைந்தது ஆறு வாங்குங்கள். சாதாரணக் கம்பியால் கட்டினால் சூட்டில் தளர்ந்துவிடும். பிளாஸ்டிக் டை முதல் ஓட்டத்திலேயே உருகிவிடும்.

4. குழாயைக் கழற்றுங்கள்

வண்டியிலேயே வைத்துச் சுற்றலாம் என்று சொல்பவர்களின் பேச்சுக்கு மயங்காதீர்கள். குழாயின் பின்பக்கத்தில் கை நுழையாமல் பட்டை தொளதொளவென்று விழும். அந்தத் தொய்வில்தான் தண்ணீர் தேங்கும்.

முதல் நாள் மாலையிலேயே இஞ்சின் வாயில் உள்ள இரண்டு நட்டுகளுக்கும் துரு இளக்கும் எண்ணெய் அடித்து, இரவு முழுவதும் ஊற விடுங்கள். மறுநாள் இஞ்சின் முற்றிலும் குளிர்ந்த நிலையில் கழற்றுங்கள். நட்டு திரும்ப மறுத்தால் முரட்டுத்தனமாகத் திருகாமல், சிறிது முன்னும் சிறிது பின்னுமாக ஆட்டி மறுபடி எண்ணெய் விடுங்கள். நட்டு ஏறியிருக்கும் திருகாணி இஞ்சின் தலையோடு முறிந்தால், அதைத் துளையிட்டு எடுக்கப் பட்டறையில் கேட்கும் கூலி இந்த வேலையின் மொத்தச் செலவைத் தாண்டிவிடும். குழாயில் ஆக்சிஜன் சென்சார் (புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் கருவி) இருந்தால் அதன் ஒயரை இழுக்காமல் பூட்டை அமுக்கிக் கழற்றுங்கள்.

இஞ்சின் வாய்க்கும் குழாய்க்கும் நடுவில் இருக்கும் வளைய கேஸ்கெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதை வாங்குங்கள். நான் 4 வெள்ளிதான் கொடுத்தேன். பழையதையே வைத்து மாட்டினால் புகை கசிந்து படபடவென்று சத்தம் போடும். அந்தச் சத்தத்துக்குச் சமன் வந்தால் பட்டையைக் குற்றம் சொல்ல முடியாது.

5. சுத்தம் செய்து வர்ணம் பூசுங்கள்

கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்து எடுத்த பின், சோப்பு நீரில் கழுவி வெயிலில் உலர்த்துங்கள். எண்ணெய்ப் பிசுக்கு ஒரு சொட்டும் இருக்கக் கூடாது. குளோரின் கலந்த பிரேக் கிளீனரை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அதன் ஈரம் மிச்சமிருக்கும்போது குழாய் சூடானால் நச்சு வாயு வரும்.

இரும்புக் குழாயானால் அதிக வெப்பம் தாங்கும் எக்சோஸ் வர்ணத்தை இரண்டு முறை மெல்லியதாக அடித்து, டின்னில் சொல்லியபடி காய விடுங்கள். இந்த ஒரு படியைத்தான் பலர் தவிர்க்கிறார்கள். குழாய் அரித்துப்போவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். துருப்பிடிக்காத எஃகுக் குழாய்க்கு வர்ணம் தேவையில்லை.

6. ஊறவைத்துச் சுற்றுங்கள்

கையுறை, முழுக்கைச் சட்டை, மூக்குமூடி, கண்ணை மறைக்கும் கண்ணாடி ஆகியவற்றை அணிந்த பிறகே பாக்கெட்டைப் பிரியுங்கள். இழைத் தூள் தோலில் பட்டால் இரண்டு நாள் அரிக்கும். பட்டதை வெந்நீரில் தேய்க்காமல் குளிர்ந்த நீரில் கழுவி விடுங்கள். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். துணிமணி காயும் கொடிக்குப் பக்கத்திலும் உட்காராதீர்கள்.

கண்ணாடி இழைப் பட்டையை வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்துப் பிழிந்தால், தூள் பறக்காமல் துணி போல வளையும். காயும்போது குழாயை இறுகவும் பிடிக்கும். பாறை இழைப் பட்டையில் சிலவற்றை நனைக்கத் தேவையில்லை என்று பாக்கெட்டிலேயே எழுதியிருப்பார்கள், அதன்படி செய்யுங்கள்.

எந்த முனையில் தொடங்குவது என்பது முக்கியம். என் பட்டறைக்காரர் இஞ்சின் பக்கம் தொடங்கிச் சைலன்சர் பக்கம் முடித்தார். பார்ப்பதற்கு அதுவே இயல்பாகத் தோன்றும். ஆனால் அப்படிச் சுற்றினால் ஒவ்வொரு சுற்றின் விளிம்பும் மேல்நோக்கி வாய் திறந்து நின்று, குழாயில் வழியும் மழை நீரை உள்ளே வாங்கிக்கொள்ளும். கூரைக்கு ஓடு வேய்பவர் கீழ் வரிசையிலிருந்து மேலே போவதைப் போல, நீங்களும் தாழ்வான சைலன்சர் முனையில் தொடங்கி உயரமான இஞ்சின் வாயில் முடியுங்கள். அப்போது மேல் சுற்று கீழ்ச் சுற்றை மூடும், தண்ணீர் மேலேயே வழிந்தோடிவிடும்.

தொடக்க முனையை ஒரே இடத்தில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, அதன்மேல் ஸ்டீல் டையைப் போட்டு இடுக்கியால் இழுத்துப் பூட்டுங்கள். பிறகு இன்னொருவரைக் குழாயை உருட்டச் சொல்லிவிட்டு, பட்டையை விறைப்பாகப் பிடித்துக்கொண்டே போங்கள். நான் என் தங்கையை உட்காரவைத்தேன். இரண்டு பேர் இல்லாமல் இந்த வேலை சீராக வராது. வளைவு வரும்போது உட்பக்கத்தில் பட்டை அதிகமாகவும் வெளிப்பக்கத்தில் குறைவாகவும் ஏறும். வெளிப்பக்கத்தில் அரை செ.மீ.யாவது ஏறியிருக்கிறதா என்று ஒவ்வொரு சுற்றிலும் பாருங்கள். அங்கே இடைவெளி விழுந்தால் அந்தக் கோடு மட்டும் அனலைக் கக்கும். இரண்டு அடுக்காகச் சுற்றினால் இன்னும் குளிரும் என்று நினைக்காதீர்கள். வெப்பம் உள்ளேயே அடைபட்டு உலோகம் அதிகமாகச் சூடேறி, பற்றவைத்த இடங்களில் விரிசல் விடும்.

ஆக்சிஜன் சென்சாரைச் சுற்றி இரண்டு விரல் அகலம் விட்டுவிடுங்கள். குழாயின் அடியில் நீர் வடியும் சிறு துளை இருந்தால் அதை மூடாதீர்கள். முடிவில் பட்டையின் முனையை உள்ளே மடித்து டை போட்டு, நடுவில் ஒரு சாண் தூரத்துக்கு ஒன்றாக மற்ற டைகளைப் போடுங்கள். வெட்டிய வால்களை மடக்கி, பூட்டுகள் எல்லாம் காலுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும்படி திருப்புங்கள். வெட்டிய டையின் முனை பிளேடைப் போலக் கிழிக்கும்.

7. மாட்டுதலும் முதல் சூடும்

ஓர் இரவு காய விட்டு மறுநாள் காலையில் மாட்டுங்கள். நட்டுகளை ஒன்று மாற்றி ஒன்றாகச் சிறிது சிறிதாக முறுக்குங்கள்.

முதல் சூட்டில் பட்டை புகையும், நாற்றமும் வரும். வண்டி எரிகிறது என்று எங்கள் லயத்து அண்ணன் ஒருவர் வாளித் தண்ணீரோடு ஓடி வந்துவிட்டார். நல்ல வேளையாக ஊற்றுவதற்குள் நிறுத்திவிட்டேன். அக்கம்பக்கத்தில் முன்கூட்டியே சொல்லிவிட்டு, திறந்தவெளியில் இதைச் செய்யுங்கள். கொட்டகைக்குள் இஞ்சினை ஓட விடுவது உயிருக்கே ஆபத்து. ஐந்து நிமிடம் ஓட விட்டு முற்றிலும் குளிர வையுங்கள்; பிறகு பத்து நிமிடம், மறுபடி குளிர வையுங்கள்; அதன்பின் இருபது நிமிடம் மெதுவாக ஓட்டுங்கள். இரண்டு மூன்று நாளில் புகை நின்றுவிடும். அதற்குள் டைகள் சற்றுத் தளர்ந்திருக்கும் என்பதால், குளிர்ந்த வண்டியில் மறுபடி இறுக்குங்கள். விருப்பமிருந்தால் அதிக வெப்பம் தாங்கும் சிலிக்கான் ஸ்ப்ரேயைப் பட்டையின் மேல் அடிக்கலாம். இழை பிசிறாது, தண்ணீரும் குறைவாகவே ஏறும்.

காலில் சூடு பட்டுவிட்டால் இருபது நிமிடம் ஓடும் குழாய்த் தண்ணீரில் பிடியுங்கள். பற்பசை, கிச்சாப் (சோயா சாறு) எதையும் பூசாதீர்கள்.

8. மழை, எண்ணெய், உரம்

பட்டணத்து மோட்டார்காரருக்கு மழை மட்டும்தான் பகை. தோட்டத்தில் ஓட்டுபவருக்குப் பகை மூன்று.

பிற்பகல் இடிமழையில் நனைந்த வண்டியை அப்படியே கொட்டகையில் விட்டால், பட்டை இரவெல்லாம் ஈரத்தைக் குழாயோடு அணைத்து வைத்திருக்கும். நனைந்து வந்த நாளில் வெளியே நிறுத்திப் பத்து நிமிடம் இஞ்சினை ஓட விட்டு உலர்த்துங்கள். வண்டி கழுவும்போது உயர் அழுத்தத் தண்ணீரைப் பட்டையின் மேல் பீய்ச்சக் கூடாது. வாரக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தி வைக்கும் வண்டிக்குப் பட்டையே வேண்டாம்.

எண்ணெய் இதைவிட மோசம். குலைகளை ஏற்றும்போது நசுங்கும் உதிரிப் பழத்தின் சாறு தொட்டியின் ஓட்டையில் சொட்டுவதைக் கவனித்திருப்பீர்கள். அந்தச் சாறும், இஞ்சினில் கசியும் எண்ணெயும் பட்டையில் இறங்கினால், விளக்குத் திரி எண்ணெய் குடிப்பதைப் போலப் பட்டை குடித்துக்கொள்ளும். பிறகு அடியில் இருப்பது சூடான குழாய். மேலே ஒட்டிக்கொண்டிருப்பது காய்ந்த மட்டைத் தூள். ஒரு நாள் மாலை என் வண்டியின் கீழே கைப்பேசி விளக்கை அடித்துப் பார்த்தபோது, பட்டையின் அடிப்பக்கம் உள்ளங்கை அளவுக்குக் கறுத்து, தொட்டால் பிசுபிசுத்தது. அந்தத் துண்டை அன்றே அறுத்து எடுத்துவிட்டு, தொட்டிக்கும் குழாய்க்கும் நடுவில் ஒரு தகட்டைத் திருகாணி போட்டுப் பொருத்தினேன். எண்ணெய் ஊறிய பட்டையைக் கழுவிப் பயன்படுத்த நினைக்காதீர்கள், மாற்றிவிடுங்கள். இஞ்சின் எண்ணெய் கசியும் வண்டியானால் கசிவை அடைக்கும்வரை பட்டை சுற்றவே வேண்டாம். வண்டியில் ஒரு சிறிய தீயணைப்புக் கருவி இருக்கட்டும்.

உரத்தை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. சிவந்த எம்ஓபி உரம் என்பது பொட்டாசியம் குளோரைடு. உப்பைப் போலவே அது இரும்பை அரிக்கும், துருப்பிடிக்காத எஃகையும் புள்ளி புள்ளியாகத் தின்னும். மூட்டையிலிருந்து சிந்திய குருணை பட்டையில் தங்கி மழையில் கரைந்தால், குழாயைச் சுற்றி உப்புநீரில் நனைந்த துணி கட்டியது போலாகிவிடும். உரம் ஏற்றும் நாளில் குழாயின் மேல் ஒரு தகரத்தை வைத்து மறைக்கிறேன். அன்று மாலை வண்டி குளிர்ந்த பிறகு மென்மையான தூரிகையால் தட்டிவிடுகிறேன்.

9. செலவும் நேரமும்

நான் கொடுத்தது இது: பாறை இழைப் பட்டை 5 மீட்டர், டைகளோடு 45 வெள்ளி, வர்ணம் 28 வெள்ளி, கேஸ்கெட் 4 வெள்ளி, துரு இளக்கி 15 வெள்ளி, கையுறை, மூக்குமூடி 10 வெள்ளி. ஆக 102 வெள்ளி. சிலிக்கான் ஸ்ப்ரே வாங்கினால் இன்னும் 30 வெள்ளி சேரும். வர்ணமும் கேஸ்கெட்டும் தெலுக் இந்தானில் வாங்கினேன்; பட்டை இணையத்தில் வந்து சேர ஒன்பது நாளாயிற்று. குழாயைக் கழற்றிச் செய்யும் பட்டறை கிடைத்தால் கூலிக்குத் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள், ‘கழற்றி, வர்ணம் அடித்து’ என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கை வேலை மொத்தம் நான்கு மணி நேரம்தான். ஊறுவதற்கும் காய்வதற்கும் இடையில் காத்திருக்க வேண்டும் என்பதால், வெள்ளிக்கிழமை மாலை எண்ணெய் விட்டு, சனிக்கிழமை கழற்றிச் சுற்றி, ஞாயிறு காலையில் மாட்டுவது வசதி. குலை வெட்டும் சுற்று நடக்கும் வாரத்தில் இதைத் தொடங்காதீர்கள். ஒரு நட்டு முறிந்தால் குலைகள் மரத்தடியிலேயே கிடக்கும்.

10. கழற்றும் நாள்

வருடத்துக்கு ஒரு முறை, அக்டோபர் மழைக்கு முன், சைலன்சர் பக்கத்து டையை வெட்டி ஒரு சாண் அளவுக்குப் பட்டையைப் பிரித்துக் குழாயைப் பாருங்கள். வர்ணம் இருந்தால் புது டை போட்டு மூடிவிடலாம். செதில் செதிலாகத் துரு வந்தால் முழுவதும் கழற்றுங்கள்.

பழைய பட்டை வெந்து நொறுங்கிப் போயிருக்கும். காய்ந்த நிலையில் உரித்தால் தூள் மூக்கில் ஏறும். தெளிப்பானில் தண்ணீர் அடித்து நனைத்த பிறகு கத்தரியால் நீளவாக்கில் வெட்டி எடுத்து, இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டிக் குப்பைத் தொட்டியில் சேருங்கள். எரித்தாலும் அது எரியாது. மட்டைக் குவியலில் வீசினால் அடுத்த முறை மட்டை இழுப்பவரின் கையில்தான் ஏறும்.